நிக்கல்-செப்பு சல்பைடுத் தாதுப்படிவுகளின் உருவாக்கம்

நிக்கல்-செப்பு சல்பைடுத் தாதுப்படிவுகள் என்பவை, கற்குழம்பிலிருந்து கந்தகமும் உலோகங்களும் சேர்ந்த தனியானதொரு நீர்மம் பிரிந்து, ஓரிடத்தில் திரண்டு, பின்னர் குளிர்ந்து இறுகுவதனால் உருவாகும் கனிமப் படிவுகள் ஆகும். நிக்கல், செப்பு ஆகியவற்றுடன் கோபால்ட்டு, பிளாட்டினம், பலேடியம், தங்கம் முதலிய உலோகங்களும் இவற்றிலிருந்து பெறப்படுகின்றன. கனடாவின் சட்பரி, ரஷ்யாவின் நோரில்ஸ்க், ஆஸ்திரேலியாவின் கம்பால்டா, சீனாவின் ஜின்சுவான் ஆகியவை இவ்வகையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்.

கற்குழம்பு புவியில் எங்கும் தோன்றுகின்றது. பெருங்கடல்களின் அடித்தளம் முழுவதும் அதிலிருந்து உருவானதே. எனினும் அகழ்ந்தெடுக்கத்தக்க சல்பைடுப் படிவுகள் உலகில் மிகச் சில இடங்களிலேயே உள்ளன. எல்லாக் கற்குழம்பிலும் நிக்கலும் செப்பும் கந்தகமும் இருக்கையில், சிலவற்றில் மட்டும் அவை ஏன் தாதுவாகத் திரண்டன என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி ஆகும்.

தாதுவில் உள்ள கனிமங்கள்

இப்படிவுகளில் மூன்று சல்பைடுக் கனிமங்கள் முதன்மையானவை.

- பைரோட்டைட்டு: இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அளவில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதன் ஒரு வகை காந்தத் தன்மை உடையது. பொருளாதார மதிப்புக் குறைவு.
- பென்ட்லண்டைட்டு: இரும்பு, நிக்கல், கந்தகம் சேர்ந்தது. நிக்கலின் முதன்மைத் தாது. அயர்லாந்து இயற்கை அறிவியலாளர் சோசப் பார்க்ளே பென்ட்லண்டின் பெயரால் அழைக்கப்படுகின்றது.
- சால்கோபைரைட்டு: செப்பு, இரும்பு, கந்தகம் சேர்ந்தது. பித்தளை நிறமுடைய இக்கனிமம் செப்பின் முதன்மைத் தாதுக்களில் ஒன்று.

இவற்றைத் தாங்கி நிற்கும் பாறைகள் பெரும்பாலும் மக்னீசியமும் இரும்பும் மிகுந்த, கருநிறமுடைய அனற்பாறைகள் ஆகும். காப்ரோ, பெரிடோட்டைட்டு, கோமட்டியைட்டு என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. கருங்கல் எனப் பொதுவாக அழைக்கப்படும் கிரானைட்டு போன்ற, சிலிக்கா மிகுந்த பாறைகளில் இப்படிவுகள் தோன்றுவதில்லை.

உருவாகும் முறை

ஒரு படிவு உருவாக ஐந்து படிகள் நிறைவேற வேண்டும். மூடகம் போதிய அளவு உருக வேண்டும். அவ்வுருகல் உலோகங்களை இழக்காமல் மேலே வர வேண்டும். மேலே வந்தபின் அதில் சல்பைடு நீர்மம் பிரிய வேண்டும். பிரிந்த நீர்மம் பெருமளவு கற்குழம்புடன் கலந்து உறவாட வேண்டும். இறுதியாக அது ஓரிடத்தில் சேர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் தாதுப்படிவு உருவாவதில்லை.

மூடகம் உருகுதல்

புவியோட்டின் கீழே உள்ள மூடகத்தின் பாறையில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் நிக்கலும், 30 கிராம் செப்பும் உள்ளன. நிக்கலின் பெரும்பகுதி ஒலிவின் என்னும் கனிமத்தினுள் அடங்கியுள்ளது. செப்பும் பிளாட்டினக் குழு உலோகங்களும் மூடகத்தில் சிறு மணிகளாகச் சிதறியிருக்கும் சல்பைடுகளில் உள்ளன.

மூடகம் முழுவதும் ஒரேயடியாக உருகுவதில்லை. அதில் ஒரு பகுதி மட்டுமே உருகிக் கற்குழம்பாகின்றது. உருகும் பகுதி மிகச் சிறிதாக இருப்பின், சல்பைடு மணிகள் கரையாது அங்கேயே தங்கிவிடும். அவற்றோடு செப்பும் பிளாட்டினமும் தங்கிவிடும். மூடகத்தில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 200 கிராம் கந்தகம் உள்ளது. கற்குழம்பு ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் கந்தகத்தைக் கரைத்து வைத்திருக்கக் கூடியது. எனவே ஒரு டன் மூடகப் பாறையில் 200 கிலோகிராம், அதாவது 20 விழுக்காடு உருகினால்தான் அதிலுள்ள கந்தகம் முழுவதும் கற்குழம்புக்கு மாறும். பெரும் வெப்பத்துடன் மூடகத்தின் ஆழத்திலிருந்து எழும் ஓட்டங்களிலும், புவி இன்றைவிடச் சூடாக இருந்த ஆர்க்கியன் காலத்திலும் இத்தகைய மிகுதியான உருகல் நிகழ்ந்தது. பெரிய படிவுகள் பலவும் இவ்விரு சூழல்களோடு தொடர்புடையவையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அழுத்தமும் கந்தகத்தின் கரைதிறனும்

நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் உப்பு கரையாது அடியில் தங்குகின்றது. இந்நிலை தெவிட்டிய நிலை எனப்படும். கற்குழம்பில் கந்தகமும் இவ்வாறே தெவிட்டுகின்றது. ஆனால் மிகுதியாகும் கந்தகம் திண்மமாகப் படிவதில்லை. இரும்புடன் சேர்ந்து, எண்ணெயும் நீரும் போலக் கற்குழம்புடன் கலவாத வேறொரு நீர்மமாகத் துளித்துளியாகப் பிரிகின்றது. இந்நிகழ்வு நீர்மக் கலவாமை எனப்படும்.

கற்குழம்பு மேலே ஏறும்போது அதன் மீதுள்ள அழுத்தம் குறைகின்றது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சான் மாவ்ரோசீன்சு, இயூ ஓநீல் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அழுத்தம் குறையக் குறையக் கற்குழம்பில் கந்தகத்தின் கரைதிறன் கூடுகின்றது எனச் சோதனை வழி காட்டியது. மூடகத்தில் தெவிட்டிய நிலையில் புறப்படும் கற்குழம்பு கூட, புவிப்பரப்பை நெருங்கும்போது தெவிட்டாத நிலையை அடைந்துவிடுகின்றது. அதாவது, தானாக மேலே வரும் கற்குழம்பு தாது தரும் நிலையை நெருங்குவதில்லை. அதைவிட்டு விலகிச் செல்கின்றது.

கற்குழம்பு குளிர்ந்து அதில் படிகங்கள் தோன்றும்போது எஞ்சிய நீர்மத்தில் கந்தகம் செறிவடைந்து, மீண்டும் தெவிட்டிய நிலை ஏற்படக்கூடும். ஆனால் அதற்குள் ஒலிவின் படிகங்கள் நிக்கலின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடும். பின்னர் பிரியும் சல்பைட்டில் நிக்கல் குறைவாகவே இருக்கும்; சல்பைட்டின் அளவும் மிகச் சிறிதாகவே இருக்கும். எனவே நல்ல நிக்கல் தாது உருவாக, ஒலிவின் மிகுதியாகப் படிகமாவதற்கு முன்னரே சல்பைடு பிரிய வேண்டும்.

புவியோட்டிலிருந்து வரும் கந்தகம்

இச்சிக்கலுக்குப் பெரும்பாலான படிவுகளில் கிடைத்துள்ள விடை, கந்தகம் வெளியிலிருந்து வந்தது என்பதாகும். மேலே வரும் கற்குழம்பு, தன் வழியில் உள்ள கந்தகம் மிகுந்த பாறைகளை உருக்கித் தன்னுள் சேர்த்துக்கொள்கின்றது. பைரைட்டு செறிந்த கரிய களிமண் பாறைகள், அவை உருமாறி உண்டான நைசுப் பாறைகள், பழைய கடல்நீர் வற்றியதால் படிந்த அன்ஹைட்ரைட்டு, ஜிப்சம் முதலியவை இத்தகைய கந்தக மூலங்கள் ஆகும். திடீரெனச் சேரும் கந்தகம், கற்குழம்பைத் தெவிட்டிய நிலைக்குத் தள்ளுகின்றது. சிலிக்கா மிகுந்த புவியோட்டுப் பாறைகள் கரைந்து சேர்வதும் கந்தகத்தின் கரைதிறனைக் குறைக்கின்றது.

இதற்கான முதன்மைச் சான்று கந்தகத்தின் ஓரிடத்தான்கள் ஆகும். மூடகத்தில் உள்ள கந்தகத்தில் கந்தகம்-34, கந்தகம்-32 ஆகியவற்றின் விகிதம் விண்கற்களில் உள்ள விகிதத்தை ஒத்துள்ளது. புவிப்பரப்பில் கடல்நீர், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் வழியே சுழன்ற கந்தகத்தில் இவ்விகிதம் மாறிவிடுகின்றது. ஆகவே தாதுவின் கந்தகம் மூடகத்திலிருந்து வந்ததா, புவியோட்டிலிருந்து வந்ததா என்பதைப் பல இடங்களில் இவ்விகிதத்தைக் கொண்டு அறிய முடிகின்றது.

ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில் மேலும் நுட்பமான ஒரு சான்று கிடைக்கின்றது. அக்காலத்தில் வளிமண்டலத்தில் ஆக்சிசன் ஏறத்தாழ இல்லை. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் காற்றிலிருந்த கந்தக வளிமங்களைத் தாக்கியபோது, நிறையைச் சார்ந்த வழக்கமான பிரிப்பு விதிக்கு உட்படாத வகையில் கந்தகம்-33இன் அளவு மாறியது. இத்தகைய அடையாளம் கற்குழம்பினுள் உண்டாவதில்லை. ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் பழைய நிக்கல் தாதுக்களில் இவ்வடையாளம் உள்ளது. அத்தாதுக்களிலுள்ள கந்தகத்தின் ஒரு பகுதி, ஒரு காலத்தில் வளிமண்டலத்தில் மிதந்து, பின் கடலடிச் சேற்றில் படிந்து, இறுதியில் கற்குழம்பில் கரைந்தது என்பதை இது காட்டுகின்றது.

உலோகங்களின் பங்கீடு

சல்பைடுத் துளிகள் தோன்றியவுடன் கற்குழம்பில் கரைந்துள்ள உலோகங்கள் இரு நீர்மங்களுக்கும் இடையே பங்கிடப்படுகின்றன. சமநிலையில் சல்பைட்டில் உள்ள செறிவைக் கற்குழம்பில் உள்ள செறிவால் வகுத்துக் கிடைக்கும் எண் பங்கீட்டுக் கெழு எனப்படும். நிக்கலுக்கு இது சில நூறுகளாகவும், செப்புக்கு ஆயிரம் அளவிலும், பிளாட்டினக் குழு உலோகங்களுக்குப் பல்லாயிரம் முதல் பல இலட்சம் வரையிலும் அமைகின்றது. அதாவது, இவ்வுலோகங்கள் சல்பைடு நீர்மத்தையே பெரிதும் நாடுகின்றன.

ஆர் காரணி

பங்கீட்டுக் கெழு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சல்பைடுத் துளி தான் தொடும் கற்குழம்பில் இருப்பதைவிடக் கூடுதலாக உலோகத்தைப் பெற இயலாது. எனவே ஒரு பங்கு சல்பைடு எத்தனை பங்கு கற்குழம்புடன் உறவாடியது என்பது முக்கியமானது. இந்த விகிதத்தை ஆர் காரணி எனப் பெயரிட்டு, 1979இல் இயன் கேம்பெல், அந்தோணி நால்ட்ரெட் ஆகியோர் ஒரு சமன்பாட்டை வெளியிட்டனர். அதைச் சொற்களில் பின்வருமாறு கூறலாம்: கற்குழம்பின் தொடக்கச் செறிவைப் பங்கீட்டுக் கெழுவால் பெருக்கி, அதனை ஆர் காரணியுடன் ஒன்றைக் கூட்டிய தொகையால் பெருக்கி, ஆர் காரணியும் பங்கீட்டுக் கெழுவும் சேர்ந்த தொகையால் வகுத்தால் சல்பைட்டில் உள்ள செறிவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு டன் கற்குழம்பில் 100 கிராம் செப்பும், 0.01 கிராம் பிளாட்டினமும் இருப்பதாகக் கொள்வோம். செப்பின் கெழு 1,000 எனவும், பிளாட்டினத்தின் கெழு 1,00,000 எனவும் கொண்டால் சல்பைட்டின் செறிவு பின்வருமாறு அமையும்.

- ஆர் காரணி 100: செப்பு 0.9 விழுக்காடு, பிளாட்டினம் டன்னுக்கு 1 கிராம்.
- ஆர் காரணி 1,000: செப்பு 5 விழுக்காடு, பிளாட்டினம் டன்னுக்கு 9.9 கிராம்.
- ஆர் காரணி 10,000: செப்பு 9.1 விழுக்காடு, பிளாட்டினம் டன்னுக்கு 91 கிராம்.

ஆர் காரணி நூறு மடங்கு கூடியபோது செப்பின் அளவு பத்து மடங்கே கூடியது. பிளாட்டினமோ தொண்ணூறு மடங்கு கூடியது. ஆகவே பிளாட்டினம் செறிந்த சல்பைடு என்பது மிகப் பெருமளவு கற்குழம்பைத் தொட்டு வந்த சல்பைடு எனக் கொள்ளலாம்.

தேவைப்படும் கற்குழம்பின் அளவையும் எளிதில் கணக்கிடலாம். டன்னுக்கு 100 கிராம் செப்புள்ள கற்குழம்பிலிருந்து 10 இலட்சம் டன் செப்பைப் பெற, அதிலுள்ள செப்பு முழுவதும் பிரிந்தாலும் கூட, 1,000 கோடி டன் கற்குழம்பு தேவை. இதன் கனஅளவு ஏறத்தாழ 3.7 கன கிலோமீட்டர். இவ்வளவு கற்குழம்பும் சிறிய சல்பைடுத் திரளைத் தொட்டுச் செல்ல வேண்டுமெனில், அது தேங்கிய குளமாக இருப்பதைவிட ஓடும் வாய்க்காலாக இருப்பதே பொருத்தமானது. எரிமலைக்கு உணவூட்டும் ஊடுவழிகளில் சல்பைடு தங்க, புதிய கற்குழம்பு அதன்மீது தொடர்ந்து ஓடி உலோகத்தை அளித்துச் செல்கின்றது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள கருத்து ஆகும்.

திரளுதல்

சல்பைடு நீர்மத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம். கற்குழம்பினது ஏறத்தாழ 2.7 கிராம். சல்பைடு நீர்மம் மிகவும் இளக்கமானதும் ஆகும். ஆகவே துளிகள் கீழே அமிழ்கின்றன. ஆறு அகன்று வேகம் குறையும் இடத்தில் மணல் படிவது போல, ஊடுவழி அகலும் இடங்களிலும், திரும்பும் இடங்களிலும், அடித்தளத்தின் பள்ளங்களிலும் சல்பைடு தங்குகின்றது.

இவ்வாறு தங்கிய தாதுவில் பொதுவாக மூன்று அடுக்குகள் காணப்படுகின்றன. அடியில் ஏறத்தாழ முழுவதும் சல்பைடாலான திண்தாது; அதன் மேல், ஒலிவின் படிகங்களின் இடைவெளிகளைச் சல்பைடு வலைபோல நிரப்பியுள்ள வலைத்தாது; அதற்கும் மேலே, பாறையில் சிறு புள்ளிகளாகச் சிதறிய சிதறல்தாது. நால்ட்ரெட் இதனைப் பில்லியர்ட்சுப் பந்துகளைக் கொண்டு விளக்கினார். ஒரு பாத்திரத்தில் பாதரசமும் அதன்மேல் நீரும் ஊற்றிப் பந்துகளை இட்டால், பந்துகள் பாதரசத்தின் மீது மிதக்கும். மேலும் மேலும் பந்துகளை அடுக்கினால், மேலுள்ளவற்றின் எடையால் கீழுள்ள பந்துகள் பாதரசத்தினுள் அமிழும். பாதரசத்தைச் சல்பைடாகவும், நீரைக் கற்குழம்பாகவும், பந்துகளை ஒலிவினாகவும் கொண்டால் மூன்று அடுக்குகளும் விளங்கும்.

குளிர்தல்

கற்குழம்பு இறுகிய பின்னரும் சல்பைடு நீர்மம் உருகிய நிலையில் இருக்கக்கூடும். ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசுக்குக் கீழ் அதிலிருந்து இரும்பும் நிக்கலும் கொண்ட ஒற்றைச் சல்பைடுத் திண்மக் கரைசல் முதலில் படிகமாகின்றது. இரிடியம், ரோடியம், ருத்தேனியம், ஒசுமியம் ஆகியவை இதனுடன் சேர்கின்றன. செப்பு, பிளாட்டினம், பலேடியம், தங்கம் ஆகியவை எஞ்சிய நீர்மத்தில் செறிகின்றன. இந்நீர்மம் சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் புகுந்து இறுகுவதும் உண்டு. சட்பரியில் படிவுகளின் அடிப்பாறையில் காணப்படும் செப்பு மிகுந்த நாளங்கள் இவ்வாறு தோன்றியவை எனக் கருதப்படுகின்றது.

வெப்பநிலை மேலும் குறைந்து ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்குக் கீழே செல்கையில், திண்மக் கரைசலிலிருந்து பென்ட்லண்டைட்டு தனிக்கனிமமாகப் பிரிய, எஞ்சியது பைரோட்டைட்டு ஆகின்றது. செப்பு மிகுந்த பகுதி சால்கோபைரைட்டாக மாறுகின்றது. எனவே இன்று சுரங்கத்தில் காணப்படும் கனிமங்கள் எவையும் தொடக்கத்தில் கற்குழம்பிலிருந்து நேரடியாகப் பிரிந்தவை அல்ல.

முதன்மையான படிவுகள்

நோரில்ஸ்க்-தல்நாக், ரஷ்யா

வட சைபீரியாவில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ளது. ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சைபீரியப் பெரும் எரிமலைப் பெருக்கின் ஒரு பகுதியாக இப்படிவுகள் தோன்றின. பெர்மியன் காலத்தின் இறுதியில் நிகழ்ந்த பேரழிவுக்கும் இவ்வெரிமலைப் பெருக்கே காரணமாகக் கருதப்படுகின்றது. இங்கே கற்குழம்பு நிலக்கரி அடுக்குகளையும் அன்ஹைட்ரைட்டு அடுக்குகளையும் ஊடுருவி வந்தது. தாதுவில் கந்தகம்-34 மூடகத்தின் அளவைவிட ஆயிரத்துக்கு 8 முதல் 12 பங்கு வரை கூடுதலாக உள்ளது. தாதுவைக் கொண்டுள்ள பாறைகள் சில நூறு மீட்டர் தடிப்பே உடையவை. ஆனால் திண்தாது சில இடங்களில் 50 மீட்டர் வரை தடிப்புடையது. அச்சிறிய பாறைகளில் அடங்கிய கற்குழம்பு இவ்வளவு சல்பைட்டைத் தந்திருக்க இயலாது. அண்மையிலுள்ள நதேஸ்தின்ஸ்கி எனப்படும் எரிமலைப்பாறை அடுக்குகளில் நிக்கல், செப்பு, பிளாட்டினம் ஆகியவை வழக்கத்துக்கு மாறாகக் குறைந்துள்ளன. அங்கே காணாமற்போன உலோகமே கீழே தாதுவாகத் தங்கியது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

கம்பால்டா, மேற்கு ஆஸ்திரேலியா

1966இல் துளையிட்டுக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் பழமையான கோமட்டியைட்டு எரிமலைக்குழம்பின் அடியில் தாது அமைந்துள்ளது. தென்னாப்பிரிக்காவின் கோமட்டி ஆற்றின் பெயரால் அழைக்கப்படும் இப்பாறை, ஏறத்தாழ 1,600 பாகை செல்சியசு வெப்பத்துடன் வெளிவந்த குழம்பிலிருந்து உருவானது. நீர் போல ஓடிய அக்குழம்பு, தான் ஓடிய தரையையே உருக்கி அரித்தது. அத்தரையில் இருந்த சல்பைடு கொண்ட படிவுகளைத் தன்னுள் சேர்த்தது. நோரில்ஸ்க்கில் நிலத்தடியில் நடந்தது இங்கே கடலடித் தரையின் மீது நடந்தது. இத்தாதுவில் நிக்கல் மிகுதி, செப்பு மிகக் குறைவு. மூடகம் பெருமளவு உருகியதால் நிக்கல் மிகுந்த குழம்பு உண்டானதே இதற்குக் காரணம்.

வொய்சீஸ் பே, கனடா

லாப்ரடார் கடற்கரையில் 1993இல் துருவேறிய ஒரு குன்றைக் கண்டதன் மூலம் வெளிப்பட்டது. அதைக் கண்டவர்கள் வைரம் தேடிச் சென்றவர்கள். படிவின் அகவை ஏறத்தாழ 133 கோடி ஆண்டுகள். முட்டை வடிவமுடைய முதன்மைத் திரளில் ஏறத்தாழ 3 கோடி டன் தாது இருந்தது. அதில் நிக்கல் ஏறத்தாழ 2.8 விழுக்காடு, செப்பு 1.7 விழுக்காடு. ஒடுங்கிய ஊடுவழி ஒன்று அகன்ற அறையினுள் திறக்கும் இடத்தில் இத்திரள் அமைந்திருந்தது, ஊடுவழிக் கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்தது. இன்னு, இனுயிட்டு மக்களுடன் 2002இல் உடன்பாடுகள் ஏற்பட்ட பின்னர் 2005இல் அகழ்வு தொடங்கியது.

சட்பரி, கனடா

1883இல் கனேடிய பசிபிக் இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது கண்டறியப்பட்டது. முதலில் செப்புக்காகவே அகழப்பட்டது. இப்படிவின் தோற்றம் ஏனையவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய விண்பொருள் ஒன்று மோதியதால் புவியோடே உருகிப் பல கிலோமீட்டர் தடிப்புள்ள உருகற்படலம் உண்டானது. அதிலிருந்து பிரிந்த சல்பைடு அடியில் உள்ள பள்ளங்களிலும், வெளிநோக்கிப் பரவிய வெடிப்புகளிலும் தங்கியது. 1964இல் ராபர்ட் டீட்சு இம்மோதல் கருத்தை முன்வைத்தபோது பலர் அதை ஏற்கவில்லை. மோதலின் அதிர்ச்சியால் பாறையில் உண்டாகும் கூம்பு வடிவ வெடிப்புகளும், ஏனைய சான்றுகளும் பின்னர் அதை உறுதிப்படுத்தின. அப்பல்லோ 16, அப்பல்லோ 17 விண்வெளி வீரர்கள் மோதல் பாறைகளை அறிந்துகொள்ள இங்கே பயிற்சி பெற்றனர். மூடகத்திலிருந்து வராத குழம்பிலும் தாது உருவாகக்கூடும் என்பதற்கு இது சான்று ஆகும்.

கருத்து வேறுபாடுகள்

வெளியிலிருந்து கந்தகம் வருவது எல்லாப் படிவுகளுக்கும் கட்டாயமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஏறத்தாழ 83 கோடி ஆண்டுகள் பழமையான ஜின்சுவான் படிவின் கந்தக ஓரிடத்தான் விகிதம் மூடகத்தின் மதிப்புக்கு அண்மையிலேயே உள்ளது. ஆனால் இதைக் கொண்டு புவியோட்டுக் கந்தகம் சேரவில்லை என்று முடிவு செய்ய இயலாது. சல்பைடு நீர்மம் பெருமளவு கற்குழம்புடன் உறவாடும்போது உலோகம் மட்டுமன்றிக் கந்தகமும் பரிமாறப்படுகின்றது. அதனால் வெளிக்கந்தகத்தின் அடையாளம் அழிந்துபோகலாம். உலோகச் செறிவைத் தரும் நிகழ்வே சான்றையும் அழிக்கின்றது. மறுபுறம், உலோகச் செறிவு மிகுந்த நோரில்ஸ்க்கில் அவ்வடையாளம் அழியாது இருப்பது விளக்கப்பட வேண்டியதாக உள்ளது.

நோரில்ஸ்க்கில் அன்ஹைட்ரைட்டு எவ்வாறு சல்பைடாக மாறியது என்பதும் ஆராயப்பட்டு வருகின்றது. அன்ஹைட்ரைட்டில் உள்ள கந்தகம் ஆக்சிசனேற்றம் அடைந்த சல்பேட்டு வடிவில் உள்ளது. அதனைச் சல்பைடாக ஒடுக்க, நிலக்கரி போன்ற கரிமப் பொருள் உதவியிருக்கலாம். அடர்த்தி மிகுந்த சல்பைடு எவ்வாறு மேல்நோக்கிக் கொண்டுவரப்பட்டது என்பது மற்றொரு கேள்வி. வளிமக் குமிழிகள் சல்பைடுத் துளிகளுடன் ஒட்டிக்கொண்டு அவற்றை மிதக்கச் செய்திருக்கலாம் என அண்மைய ஆய்வுகள் சில கூறுகின்றன.

தேடும் முறைகள்

உருவாகும் முறை பற்றிய அறிவு புதிய படிவுகளைத் தேடுவதில் நேரடியாகப் பயன்படுகின்றது.

- ஒலிவினில் உள்ள நிக்கல்: ஒலிவின் படிகமாகும் முன்னரே சல்பைடு பிரிந்திருந்தால், அக்குழம்பிலிருந்து தோன்றும் ஒலிவினில் நிக்கல் குறைவாக இருக்கும். அவ்வாறு குறைந்திருப்பின் அதன் அருகே சல்பைடு தங்கியிருக்கக்கூடும்.
- மின்கடத்தல்: திண்தாது மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மின்காந்த அளவீடுகள் மூலம் ஆழத்தில் உள்ள தாதுவையும் உணர முடிகின்றது.
- காந்தவியல்: பைரோட்டைட்டும், தாங்கு பாறைகளில் உள்ள மக்னடைட்டும் காந்தப்புலத்தில் மாற்றங்களை உண்டாக்குகின்றன.
- துருமூடி: நிலப்பரப்பில் வெளித்தெரியும் சல்பைடு, காற்றும் மழையும் பட்டுச் செம்பழுப்புத் துருவாக மாறுகின்றது.

எனினும் ஊடுவழிகள் சிறியவை. பெரிய எரிமலைப் பகுதியில் அவற்றின் இடத்தை முன்கூட்டியே கூறுவது கடினம். இதனால் பல படிவுகள் தற்செயலாகவே கண்டறியப்பட்டன.

அகழ்வும் சூழலும்

தாதுவை உருவாக்கிய கந்தகமே அதனை உருக்கும்போது கந்தக டைஆக்சைடாக வெளியேறுகின்றது. சட்பரியில் 1920கள் வரை தாது திறந்தவெளியில் விறகின் மீது குவித்து எரிக்கப்பட்டது. சுற்றியிருந்த காடுகள் அழிந்து, பாறைகள் கருமையடைந்தன. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டப்பட்டது. அது உள்ளூர்க் காற்றைத் தூய்மையாக்கினாலும் புகையைத் தொலைவுக்குக் கொண்டு சென்றது. பல ஏரிகள் அமிலமாயின. 1978இல் தொடங்கிய மீட்புத் திட்டத்தில் மண்ணில் சுண்ணாம்பு இடப்பட்டு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகள் நடப்பட்டுள்ளன. கந்தக வெளியேற்றம் பெருமளவு குறைந்தபின் அப்புகைபோக்கியின் பயன்பாடு 2020இல் நிறுத்தப்பட்டது.

நோரில்ஸ்க் நகரும் அதன் சுரங்கங்களும் 1935 முதல் 1956 வரை இயங்கிய கட்டாய உழைப்பு முகாமின் கைதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. நகரின் நடுவே இருந்த பழைய நிக்கல் ஆலை 2016இல் மூடப்பட்டது. 2020 மே மாதம் மின்னிலையம் ஒன்றின் தொட்டி உடைந்து, ஏறத்தாழ 20,000 டன் டீசல் ஆறுகளிலும் நிலத்திலும் கலந்தது.

லேட்டரைட்டுப் படிவுகளுடன் ஒப்பீடு

நிக்கல் கிடைக்கும் மற்றொரு வகைப் படிவு லேட்டரைட்டு ஆகும். வெப்பமண்டலத்தில் ஒலிவின் மிகுந்த பாறைகள் நீண்ட காலம் மழையால் சிதைந்து, நிக்கல் மண்ணில் செறிவதால் இது உண்டாகின்றது. இதற்குக் கந்தகம் தேவையில்லை. சல்பைடுத் தாதுவை நொறுக்கி, நுரைமிதப்பு முறையில் எளிதாகச் செறிவூட்டலாம். லேட்டரைட்டில் அது இயலாததால் ஆற்றல் செலவு மிகுதி. நெடுங்காலம் சல்பைடுகளே நிக்கலின் முதன்மை மூலமாக இருந்தன. இன்று நிலைமை மாறியுள்ளது. லேட்டரைட்டு வளம் மிக்க இந்தோனேசியா மட்டும் 2023ஆம் ஆண்டில் உலகில் அகழப்பட்ட நிக்கலில் ஏறத்தாழப் பாதியை அளித்தது. எனினும் நிக்கலுடன் செப்பு, கோபால்ட்டு, பிளாட்டினம், பலேடியம் ஆகியவற்றையும் ஒருங்கே தருவதால் சல்பைடுப் படிவுகளின் முக்கியத்துவம் தொடர்கின்றது. துருவேறா எஃகுக்கும் மின்கலங்களுக்கும் நிக்கலின் தேவை கூடிவருவதால், புதிய சல்பைடுப் படிவுகளுக்கான தேடலும் நடைபெற்று வருகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- நிக்கல்
- செப்பு
- கற்குழம்பு
- அனற்பாறை
- புவியின் மூடகம்
- பிளாட்டினக் குழு உலோகங்கள்